யானைக்கால் நோயும் இல்லற நலமும்

தெற்கே மா ஓயாவின் முகத்துவாரம் தொடங்கி வடக்கே வில்பத்துக் காட்டின் ஓரம் வரை நீண்டு கிடப்பது புத்தளம் மாவட்டத்தின் கடற்கரை. வென்னப்புவ, மாரவில, சிலாபம், உடப்பு, முந்தல், கற்பிட்டி என அதன் ஊர்கள் பல. அங்கே தமிழரும் சிங்களவரும் முஸ்லிம்களும் அயலவராய் வாழ்கின்றனர். கோயில் மணியும் தேவாலய மணியும் பள்ளிவாசலின் பாங்கொலியும் கேட்கும் கரை அது. கடலும் தென்னையும் அம்மக்களுக்குச் சோறிடுகின்றன. அதே கரையில் தலைமுறை தலைமுறையாக ஒரு நோயும் குடியிருந்து வந்தது. அது யானைக்கால் நோய்.

யானைக்கால் என்றதும் யாவர் மனத்திலும் தோன்றுவது வீங்கிப் பருத்த ஒரு கால். அது கண்ணுக்குத் தெரியும் பாதி. இந்நோய்க்குக் கண்ணுக்குத் தெரியாத இன்னொரு பாதி உண்டு. அது ஆடவரின் சாரத்துக்குள் மறைந்திருக்கிறது. பெண்களின் மௌனத்துக்குள் மறைந்திருக்கிறது. விதைப்பையில் நீர் கோத்து வீங்கும் ஓதம் என்னும் நிலையே அது. கணவன் மனைவியரின் தாம்பத்திய உறவை மெல்ல மெல்ல அறுத்து, வாழ்வின் சுவையையே கெடுத்துவிடும் அந்தத் தெரியாத பாதியைப் பற்றியே இன்றைய பேச்சு.

உடல் நலம் என்பது நோயில்லாமை மட்டுமன்று. உடலும் உள்ளமும் சமூக வாழ்வும் ஒருங்கே செழித்திருப்பதே நலம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் யாப்பு வகுத்திருக்கிறது. அந்த யாப்பு 1948 ஆம் ஆண்டு ஏப்ரல் 7 ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. தமிழருக்கு இக்கருத்துப் புதியதன்று. மருந்து என்று ஓர் அதிகாரம் வகுத்த திருவள்ளுவர், இன்பத்துக்கு 25 அதிகாரங்களை ஒதுக்கி, அதனை அறத்துக்கும் பொருளுக்கும் பக்கத்தில் நிறுத்தினார். இல்லற இன்பம் பேசத் தகாத பொருளாக அவருக்குத் தோன்றவில்லை. அதை வெட்கத்துக்குரியதாக்கி மூடி வைத்தவர்கள் பின்வந்தவர்களே. அந்த மூடுதலால் யாருக்கு என்ன கேடு விளைந்தது என்பதை இந்த ஒரு நோயைக் கொண்டே கண்டுகொள்ளலாம்.

நோயின் தோற்றத்தை முதலில் நோக்குவோம். இதற்குக் காரணம் நூல் போன்ற மெல்லிய ஒரு புழு. வூச்செரேரியா பாங்க்ரொஃப்டி என்பது அதன் பெயர். மனித உடலின் நிணநீர்க் குழாய்களில் அது குடியேறி, ஆறு முதல் எட்டு ஆண்டுகள் வரை உயிர் வாழ்கிறது. பெண் புழு இடும் எண்ணற்ற நுண்குஞ்சுகள் பகலில் உடலின் உள்ளே ஒதுங்கியிருந்து, இரவிலே இரத்த ஓட்டத்தின் மேற்பரப்புக்கு வருகின்றன. இரவிலே கடிக்கும் நுளம்பு அவற்றை உறிஞ்சி எடுத்து, தன் உடலில் வளர்த்து, இன்னொரு மனிதருக்குக் கொடுத்துவிடுகிறது. 1877 ஆம் ஆண்டில், சீனத்தின் அமோய் துறைமுகத்தில் பணிபுரிந்த பற்றிக் மான்சன் என்னும் மருத்துவர், தம் தோட்டக்காரரின் இரத்தத்தை நுளம்புகளுக்கு ஊட்டி இந்தத் தொடர்பைக் கண்டறிந்தார். நுளம்பு மனித நோயைச் சுமக்கும் என்பதற்கு உலகம் கண்ட முதற் சான்று அதுவே எனலாம். இந்த நோயைப் பரப்பும் கியூலெக்ஸ் நுளம்பு அழுக்கு நீரை விரும்புவது. அடைபட்ட வடிகால், மூடாத மலக்குழி, தென்னம்மட்டை ஊறப்போடும் குழி ஆகியவை அதற்கு ஏற்ற தொட்டில்கள். தென்னையும் கயிற்றுத் தொழிலும் மக்கள் நெருக்கமும் சேர்ந்த மேற்குக் கரையிலும் தெற்குக் கரையிலும் இந்நோய் ஏன் வேரூன்றியது என்பது இதனால் விளங்கும். மேல், தென், வடமேல் மாகாணங்களைச் சேர்ந்த எட்டு மாவட்டங்கள் இந்த நோயின் வலயம் எனப்பட்டன. அவற்றுள் புத்தளமும் ஒன்று.

இந்தப் புழு ஆடவரின் உடலில் பெரிதும் விரும்பித் தங்கும் இடம் விதைப்பையை ஒட்டிய நிணநீர்க் குழாய்களே. பிரேசில் நாட்டின் றெசீஃபே நகரில் 1990 களில் ஆய்ந்த மருத்துவர்கள், ஒலியலைக் கருவியின் திரையில் அப்புழுக்கள் உயிரோடு நெளிவதையே கண்டார்கள். புழுவினால் குழாய்கள் விரிந்து பழுதுபடும்போது, விதையைச் சூழ்ந்த உறைக்குள் நீர் தேங்குகிறது. முதலில் அது சிறு வீக்கம், நோவு இருப்பதில்லை. ஆண்டுகள் செல்லச் செல்ல அது எலுமிச்சை அளவாகும். பிறகு தேங்காய் அளவாகும். சிலரில் அதனினும் பெரிதாகும். உலக அளவிலே கணக்கிட்டவர்கள், இந்நோயால் உருக்குலைந்த ஏறத்தாழ 4 கோடிப் பேரில் 2.5 கோடிப் பேர் ஓதமுற்ற ஆடவர் என்றும், 1.5 கோடிப் பேர் கைகால் வீக்கமுற்றவர் என்றும் கண்டார்கள். நோய்க்கு யானைக்கால் என்று பெயரிட்டிருந்தாலும், அதனால் துன்புறுவோரில் பெரும்பகுதியினரின் துன்பம் காலில் இல்லை என்பது இதனால் தெளிவாகிறது.

நேயர்களே, கடற்கரையில் எங்கும் காணத்தக்க ஒருவரை மனத்திலே எண்ணிப் பாருங்கள். அவர் கரைவலை இழுப்பவர். வயது நாற்பத்தைந்து. உழைப்பாளி. பத்தாண்டுகளுக்கு முன் ஒரு சிறு வீக்கத்தைக் கண்டார். ஈரத்தில் நிற்பதால் வந்த குளிர்ச்சி என்று எண்ணிக்கொண்டார். வீக்கம் பெருத்தபோது சாரத்தைத் தளர்த்தி உடுத்தினார். வலை இழுக்கும்போது நோவு கண்டதும், இழுவையை விட்டு மீன் பிரிக்கும் வேலைக்குப் போனார். கூலி குறைந்தது. கலியாண வீட்டுக்குப் போவதை நிறுத்தினார். கிணற்றடியில் பலரோடு குளிப்பதை விட்டு, இருட்டிய பின் தனியே குளித்தார். இரவில் மனைவி படுத்த அறையை விட்டுத் திண்ணைக்குப் பாயை எடுத்துச் சென்றார். ஏன் என்று அவர் சொல்லவில்லை. அந்த அம்மாள் கேட்கவும் இல்லை. கணவனுக்குத் தன் மேல் வெறுப்பு என்று அவள் நினைத்தாள். மனைவி தன்னை அருவருப்பாள் என்று அவர் நினைத்தார். இருவரும் ஒரே கூரையின் கீழ் இரு தீவுகளாயினர்.

ஒருநாள் கடுங்காய்ச்சலுடன் அவரை வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்கிறார்கள். பரிசோதித்த வைத்தியர் கேட்கிறார்: “ஐயா, இது எத்தனை வருஷமாக இருக்கிறது?”

“பத்து வருஷம் இருக்கும், டொக்டர்.”

“ஏன் இவ்வளவு நாளும் வரவில்லை?”

அவர் தலை குனிகிறார். மனைவி சொல்கிறாள்: “என்னிடம்கூட ஒரு வார்த்தை சொல்லவில்லை, ஐயா. சொல்லியிருந்தால் அடுத்த நாளே கூட்டி வந்திருப்பேனே.”

இந்த மனிதர் கற்பனையில் வந்தவர். ஆயினும் இவரது துன்பம் கற்பனையன்று. ஓதம் பெருத்தவருக்கு உடலுறவு கடினமாகும். சிலருக்கு இயலாமலே போகும். வீக்கம் ஆண்குறியையே உள்ளிழுத்து மூடிவிடுவதும் உண்டு. உடல் தடுக்காத இடத்தில் வெட்கம் தடுக்கிறது. இளைஞராயின் திருமணம் தள்ளிப்போகிறது. மணமானவராயின் தாம்பத்தியம் வறண்டுபோகிறது. உழைப்புக் குறைகிறது, வருவாய் குறைகிறது, வெளியே செல்வது குறைகிறது. மனச்சோர்வு வந்து குடியேறுகிறது. நோயினால் எவரும் உடனே இறப்பதில்லை. அதனாலேயே இதைப் பெரிதாக எவரும் எண்ணுவதில்லை. உயிரை எடுக்காமல் வாழ்வை மட்டும் எடுத்துக்கொள்ளும் நோய் இது.

பெண்களின் நிலை வேறொரு வகையில் கொடியது. கால் வீங்கிய பெண் அதைச் சேலையால் மறைக்கிறாள். சிலருக்கு மார்பகத்திலும் பிறப்புறுப்பிலும் வீக்கம் காண்பதுண்டு. அதைத் தாயிடம்கூடச் சொல்வதில்லை. தோலின் மடிப்புகளில் கிருமி சேர்ந்து புண்ணும் நாற்றமும் உண்டாகும்போது, அவள் கணவனை அணுக அஞ்சுகிறாள். பெண் பார்க்க வந்தவர்கள் காலைக் கண்டு திரும்பிப் போவதும், மணமான பின் நோய் வெளிப்பட்டவளைத் தாய்வீட்டுக்கு அனுப்புவதும் இந்நோய் பரவிய நாடுகள் யாவற்றிலும் நிகழ்ந்தவை. கணவனுக்குக் கால் வீங்கினால் மனைவி கழுவித் துடைக்கிறாள். மனைவிக்கு வீங்கினால் கழுவித் துடைப்பவர் யார் என்று ஒவ்வொரு வீட்டாரும் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ளல் வேண்டும்.

இந்தத் துன்பத்தை வளர்ப்பவை சில தவறான எண்ணங்கள். அவற்றை ஒவ்வொன்றாகக் களைதல் அவசியம்.

முதலாவது, இது ஒழுக்கக்கேட்டினால் வந்த நோய் என்ற எண்ணம். இது முற்றிலும் பொய். இது நுளம்பு கடிப்பதால் வருவது. நுளம்பு நல்லவரையும் கெட்டவரையும் தேர்ந்து கடிப்பதில்லை. இரண்டாவது, கணவனிடமிருந்து மனைவிக்குத் தொற்றிவிடும் என்ற அச்சம். தொடுவதாலோ, ஒரே பாயில் படுப்பதாலோ, உடலுறவாலோ இந்நோய் தொற்றாது. மூன்றாவது, பரம்பரையில் வரும் நோய், அந்த வீட்டில் பெண் கொடுக்கலாகாது என்ற பேச்சு. ஒரே வீட்டில் பலருக்கு வந்தது ஒரே வடிகாலின் நுளம்பு அவர்கள் அனைவரையும் கடித்ததனாலேயன்றி, இரத்த வழியாலன்று. நான்காவது, இதற்கு மருந்தில்லை என்ற விரக்தி. நான்கிலும் கொடியது இதுவே.

ஓதத்துக்குத் தீர்வு உண்டு. புழுவைக் கொல்லும் மாத்திரைகளால் மட்டும் தேங்கிய நீர் வற்றிவிடாது. அதற்குச் சத்திரசிகிச்சை வேண்டும். அது பெரிய சத்திரசிகிச்சையன்று. பெரும்பாலும் உடலின் கீழ்ப்பகுதியை மட்டும் மரத்துப்போகச் செய்து, நீர் தேங்கும் உறையைத் திறந்து, மீண்டும் தேங்காதவாறு வைத்தியர் சீர்செய்கிறார். சில நாட்களில் வீடு திரும்பலாம். சில வாரங்கள் பாரம் தூக்காது ஓய்ந்திருக்க வேண்டும். அதன் பின் வேலைக்குத் திரும்பலாம். வைத்தியரின் அறிவுரைப்படி தாம்பத்திய வாழ்வுக்கும் திரும்பலாம். சிலாபம் மாவட்டப் பொது வைத்தியசாலை போன்ற அரசாங்க வைத்தியசாலைகளில் சிகிச்சைக்குக் கட்டணம் இல்லை. பத்தாண்டுத் துயரத்துக்கும் அதன் தீர்வுக்கும் இடையே நின்றது பணமன்று, தூரமன்று. வாய் திறவாமையே நின்றது.

இங்கே ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். விதைப்பை வீக்கம் யாவும் ஓதமன்று. குடலிறக்கமாக இருக்கலாம், அரிதாகப் புற்றுநோயாகவும் இருக்கலாம். இளைஞர் ஒருவருக்குத் திடீரென்று கடும் நோவுடன் வீக்கம் கண்டால், விதை முறுக்கிக்கொண்டிருக்கக்கூடும். சில மணி நேரத்துக்குள் வைத்தியசாலைக்குச் செல்லாவிடில் அந்த விதையையே இழக்க நேரும். ஆகவே எது என்று தாமே முடிவு செய்தல் ஆகாது. ஊசியால் குத்தி நீரை வடித்துவிடுகிறேன் என்று சொல்பவரிடம் போவதும் ஆகாது. வடித்த நீர் மீண்டும் கோக்கும். கிருமி புகுந்து சீழ் கட்டவும் கூடும்.

கால் வீக்கத்தின் கதை வேறு. முற்றிய வீக்கத்தை முழுவதும் நீக்குதல் அரிது. ஆனால் அதனை அடக்கி வைத்து நலமாக வாழ முடியும். நாள்தோறும் சவர்க்காரமும் தூய நீரும் கொண்டு காலைக் கழுவி, விரலிடுக்குகளில் ஈரம் போகத் துடைக்க வேண்டும். வெடிப்பும் புண்ணும் கண்டால் உடனே மருந்திட வேண்டும். அமரும்போதும் உறங்கும்போதும் காலை உயர்த்தி வைத்தல், கணுக்காலை அசைத்துப் பயிற்சி செய்தல், பொருத்தமான செருப்பு அணிதல் ஆகியன நன்மை தரும். இவற்றால் காய்ச்சலோடு வரும் தாக்குதல்கள் குறையும், நாற்றம் போகும், அருகிலிருப்போர்க்கும் கூச்சம் போகும். இந்தப் பணியைக் கணவனும் மனைவியும் சேர்ந்து செய்வார்களாயின், அதுவே பிரிந்த கைகள் மீண்டும் சேர்வதற்கு ஒரு வழியாகும்.

இலங்கை இந்நோயோடு நடத்திய போராட்டம் பெருமைக்குரியது. யானைக்கால் நோய்த் தடுப்பு இயக்கம் 1947 இல் நிறுவப்பட்டது. புழுவின் குஞ்சுகளை அழிக்கும் டைஎத்தில்கார்பமசின் என்னும் மருந்தின் பயனை உலகம் அறிந்ததும் அதே ஆண்டிலேயே. குஞ்சுகள் இரவிலே இரத்தத்தில் தோன்றுவதால், சுகாதார ஊழியர் இரவு நேரத்தில் வீடு வீடாகச் சென்று விரல் நுனியில் ஒரு துளி இரத்தம் எடுத்துச் சோதித்தார்கள். 2002 முதல் 2006 வரை ஐந்து ஆண்டுகள், எட்டு மாவட்டங்களின் மக்கள் அனைவருக்கும் ஆண்டுக்கு ஒரு முறை இரு மருந்துகள் சேர்த்து வழங்கப்பட்டன. நோயில்லாதவரும் அயலவருக்காக அந்த மாத்திரைகளை விழுங்கினார்கள். அதன் பயனாக, மக்கட் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து யானைக்கால் நோயை இலங்கை ஒழித்துவிட்டது என 2016 ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் உறுதி செய்தது.

ஆயினும் அந்தச் சொற்களின் பொருளைச் சரியாக அறிதல் வேண்டும். நோய் பரவுவது மிகக் குறைந்துவிட்டது என்பதே அதன் பொருள். நோயுற்றவரெல்லாம் குணமடைந்துவிட்டனர் என்பதன்று. முன்னாளில் புழு பழுதாக்கிய குழாய்கள் புழு இறந்த பின்பும் பழுதாகவே இருக்கின்றன. அன்று நோயுற்றவர் இன்று முதியவராயும் நடுவயதினராயும் நம்மிடையே இருக்கின்றனர். நோய் ஒழிந்துவிட்டது என்ற செய்தி அவர்களை மேலும் மௌனமாக்கிவிடலாகாது. இதன் இனமான புரூஜியா மலாயி என்னும் இன்னொரு புழு, 1960 களின் பின் இலங்கையில் மறைந்துவிட்டதாகக் கருதப்பட்டு, ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளின் பின் மீண்டும் மனிதரிடம் காணப்பட்டது. அது பிறப்புறுப்பைத் தாக்குவது அரிது என்றாலும், காவல் ஓயலாகாது என்பதற்கு அதுவே சான்று. வடிகாலைத் திறந்து விடுதலும், மலக்குழியை மூடுதலும், நுளம்பு வலையில் உறங்குதலும் என்றும் கைவிடத்தக்கவை அல்ல.

இந்த நோயிலிருந்து கற்கும் பாடம் இந்த நோய்க்கு மட்டும் உரியதன்று. நீரிழிவு நரம்புகளையும் இரத்தக் குழாய்களையும் பழுதாக்கி, ஆடவரின் ஆண்மையைக் குன்றச் செய்வதுண்டு. பெண்களுக்கும் உடலுறவில் நோவும் விருப்பின்மையும் உண்டாக்குவதுண்டு. உயர் இரத்த அழுத்தமும் அவ்வாறே. சிலரில் ஆண்மைக் குறைவே இருதய நோயின் முன்னறிவிப்பாகவும் அமைகிறது. இதை வைத்தியரிடம் சொல்ல வெட்கி, சந்தையில் விற்கும் இலேகியத்தை வாங்கி உண்பவர், தம் உடல் கொடுத்த எச்சரிக்கையைத் தாமே புறக்கணிக்கிறார். ஓதத்தை மறைத்தவருக்கு நேர்ந்தது போலவே, அவரும் இல்லறத்தை முதலில் இழந்து, பின்பு நலத்தையும் இழக்கிறார்.

ஆகவே செய்யத்தக்கது யாது? கணவன் மனைவியிடமும், மனைவி கணவனிடமும் உடலின் குறையை மறைத்தலாகாது. ஒருவர் விலகிப் படுத்தால், வெறுப்பு என்று கொள்ளாமல், “உங்களுக்கு என்ன செய்கிறது?” என்று மற்றவர் அன்போடு கேட்க வேண்டும். வளர்ந்த மகனுக்குத் தந்தையும், மகளுக்குத் தாயும், உடலில் எவ்வித வீக்கம் கண்டாலும் சொல்லலாம் என்ற தைரியத்தை ஊட்ட வேண்டும். வீடு தேடி வரும் குடும்ப நல மருத்துவ மாதுவிடம் பெண்கள் தங்கள் துன்பத்தைச் சொல்லலாம். ஆடவர் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் சொல்லலாம். எந்த வைத்தியசாலைக்குச் செல்வது என அவர்கள் வழிகாட்டுவார்கள். நோயுற்றவரைப் பட்டப்பெயர் சொல்லி அழைக்கும் வழக்கத்தை ஊரார் அடியோடு விட்டுவிட வேண்டும். கோயிலிலும் பள்ளிவாசலிலும் தேவாலயத்திலும் மக்களுக்கு நல்லுரை கூறும் பெரியோர், இது பாவத்தின் தண்டனையன்று, நுளம்பின் வேலை என்று ஒரு முறை சொல்வார்களாயின், நூறு பேர் தலை நிமிர்ந்து வைத்தியசாலைக்குச் செல்வர்.

புழுவை மருந்து வென்றது. அதற்கு ஐந்து ஆண்டுகளும் ஏறத்தாழ ஒரு கோடி மக்களின் ஒத்துழைப்பும் வேண்டியிருந்தன. வெட்கத்தை வெல்ல மாத்திரை இல்லை. அது ஒவ்வொரு வீட்டிலும், இருவர் இருவராகப் பேசித் தீர்க்க வேண்டியது. இன்றிரவு அவ்வாறு பேச வேண்டியவர் எவரேனும் இந்தப் பேச்சைக் கேட்டிருந்தால், வானொலியை நிறுத்திவிட்டு முதலில் அதைப் பேசட்டும். நாளைக் காலை வைத்தியசாலைக்குப் போகட்டும்.